வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது? புதுச்சேரி விவாகரத்தின் நூறாண்டுக் கதை

வேறு ஊரில் விவாகரத்துக்கு வக்கீல் தேடிப் போனால், "கல்யாணமாகி எத்தனை வருஷம், பிள்ளைகள் உண்டா?" என்று ஆரம்பிப்பார்கள். நம் புதுச்சேரியில் விவரம் தெரிந்த பழைய வக்கீலிடம் போனால் முதல் கேள்வி வேறு. "உங்கள் வீட்டில் யாராவது ரெனோன்சானா?" என்பார். இளையவர்கள் விழிப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அர்த்தம் புரியும். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் வக்கீலுக்கு முன்பணம் கொடுப்பது, பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்க்காமல் டிக்கெட் வாங்குவது போல.

நான் பிரெஞ்சு வழியில் பள்ளி படித்தவன். 1962க்குப் பிறகு ஊரே ஆங்கிலத்துக்கு மாறியபோது நானும் தட்டுத்தடுமாறி மாறி, அரசுக் குமாஸ்தாவாகி, ரிட்டையர் ஆனவன். நடுவில் சில வருஷங்கள் எத்தா சிவீல் பதிவேடுகளிலிருந்து கொப்பி எடுத்து மொழிபெயர்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பென்ஷனுக்கு, நாசியோனாலித்தேவுக்கு, சொத்துக்கு என்று தினமும் ஆட்கள் வருவார்கள். அந்த மேஜையில் படித்ததும், பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்திக்காகக் கோர்ட்டுக்கு நடந்ததும் சேர்ந்து இந்தக் கட்டுரை ஆகிறது. வக்கீலைத் தேடுவதும், அவருக்குப் பணம் கொடுப்பதும் இன்றைக்கு வந்த தலைவலி அல்ல. அதற்கு நம்மூரில் நீண்ட சரித்திரம் உண்டு.

பிரான்சில் புரட்சிக் காலத்தில், 1792 செப்டம்பர் 20ல், விவாகரத்துச் சட்டம் வந்தது. நெப்போலியனின் 1804 சிவில் கோடு அதை இறுக்கிப் பிடித்தாலும் வைத்துக்கொண்டது. நெப்போலியன் விழுந்து ராஜா திரும்பியதும் 1816 மே 8ல் விவாகரத்தையே எடுத்துவிட்டார்கள். அதே 1816ஆம் வருஷம் டிசம்பரில்தான் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1819 ஜனவரி 6ல் இங்கே பிரெஞ்சுச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, நமக்கு வந்த சிவில் கோடு விவாகரத்து இல்லாத சிவில் கோடு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வாழ முடியாவிட்டால் 'செப்பராசியோன் த கொர்' என்று பிரிந்து இருக்கலாம். கல்யாணம் மட்டும் கல்யாணமாகவே நிற்கும், மறுமணம் கிடையாது.

இதுவும் எல்லோருக்கும் அல்ல. அதே 1819 உத்தரவிலேயே, இந்தியர்கள், இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, அவரவர் வழக்கப்படியே நியாயம் பெறுவார்கள் என்று இருந்தது. வழக்கம் என்ன என்று பிரெஞ்சு நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அதற்காக 1827ல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். நீதிபதி கேள்வி எழுதி அனுப்புவார். குழு இந்த சாதியில் இன்னது வழக்கம் என்று பதில் எழுதும்.

அந்த வழக்கங்களில் இரண்டு உலகம் இருந்தது. மேல் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட சாதிகளில் தாலி ஏறினால் இறங்காது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக் கட்டுவது சர்வசாதாரணம். பஞ்சாயத்தார் கூடுவார்கள், வெற்றிலை பாக்கு மாறும், பெண் வீட்டார் பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், கூடியவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான் செலவு. 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்று சிலர் இளக்காரமாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெளியே வர ஒரு வாசல் இருந்தது, அதன் விலையும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம்கூட அந்த வழக்கத்தைத் தொடவில்லை. அதன் 29ஆவது பிரிவு, வழக்கப்படியான மணமுறிவைச் செல்லாது என்று ஆக்கவில்லை. வழக்கம் இருந்தது என்று நிரூபிப்பதுதான் இன்றைக்குச் சிரமம்.

இனி ரெனோன்சான் கதை. 1873ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற நம்மூர் வக்கீல், இந்திய உடையோடு ஐரோப்பியச் செருப்பு அணிந்து கோர்ட்டுக்குள் போனார். நீதிபதி ஆட்சேபித்தார். வக்கீல் விடவில்லை; பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் வரைக்கும் போய் ஜெயித்தார். பிறகு லபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். லபோர்த் வீதி வழியாகப் போகிறவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். அவர் போன்றவர்கள் கேட்டது, எங்களையும் பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள அதே சட்டத்தில் சேர்த்துக்கொள் என்பது. 1881 செப்டம்பர் 21 ஆணை வழி திறந்தது. சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எத்தா சிவீல் அதிகாரி முன் கையெழுத்து வைத்து ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அன்று முதல் அவருக்குச் சிவில் கோடு. துறந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் அது தொடரும்.

அந்தக் கையெழுத்து வைத்தபோது சிவில் கோடில் விவாகரத்து இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து, 1884 ஜூலை 27ல், அல்ஃபிரேத் நக்கே என்ற அரசியல்வாதி விடாமல் போராடிய பலனாகப் பிரான்சில் விவாகரத்து திரும்பி வந்தது. வேதியியல் படித்த மனிதர். இரண்டு பொருளை எப்படிப் பிரிப்பது என்று அவருக்குத் தெரியும் என்று எங்கள் வாத்தியார் வேடிக்கையாகச் சொல்வார்.

நக்கே சட்டத்தில் இருவரும் சம்மதித்துப் பிரிவது கிடையாது. ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டும்: கள்ள உறவு, அடி உதை, பொறுக்க முடியாத அவமதிப்பு, பெரிய குற்றத்துக்குத் தண்டனை. முதல் மனுவை மனுதாரர் தானே நேரில் போய் நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். நீதிபதி இருவரையும் வக்கீல் இல்லாமல் உட்காரவைத்துச் சமாதானம் பேசிப் பார்ப்பார். அது பலிக்காவிட்டால்தான் வழக்கு ஆரம்பிக்கும். அப்போதுதான் வக்கீல் வருவார், ஃபீஸும் வரும்.

பிரெஞ்சில் வக்கீல் ஃபீஸுக்கு 'ஒனொரேர்' என்று பெயர். மரியாதைக்காகக் கொடுப்பது என்று பொருள். ஃபீஸ் வரவில்லை என்று கட்சிக்காரர் மேல் வழக்குப் போடுவது தொழிலுக்கே இழுக்கு என்பது அவொகாக்களின் பழைய மரபு. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் அதன் விளைவு என்னவென்றால், பின்னால் கேட்க முடியாததை முன்னால் வாங்கிக்கொள்வது. முன்பணம் என்ற பழக்கம் எந்த நாட்டிலும் இப்படித்தான் வேர் பிடித்தது.

இங்கேதான் கட்டுரையின் முக்கியமான விஷயம் வருகிறது. முன்பணம் கொடுக்கப் பெண்ணிடம் பணம் ஏது? குடும்பச் சொத்து முழுக்கப் புருஷன் நிர்வாகம். பிரான்சில் 1938 வரை மணமான பெண் புருஷன் அனுமதி இல்லாமல் கோர்ட்டு வாசலையே மிதிக்க முடியாது. விவாகரத்து போன்ற விஷயத்தில் நீதிபதி அந்த அனுமதியைக் கொடுப்பார். அப்படி இருந்த காலத்திலேயே பிரெஞ்சுக் கோர்ட்டுகள் ஒரு வழி வைத்திருந்தன. 'ப்ரொவிஸியோன் அத் லித்தெம்' என்று பெயர். வழக்கை நடத்த வேண்டிய பணத்தை, பணப்பை யாரிடம் இருக்கிறதோ அவரே மற்றவருக்கு முன்கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிடுவது. உன் மேல் வழக்குப் போட உன் காசு. கேட்டால் சிரிப்பு வரும். யோசித்தால் இதைவிட நியாயம் வேறு இல்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டின் பணம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், சண்டை சமமான சண்டை ஆகாது.

என் மேஜைக்கு வந்த பழைய கல்யாணப் பதிவுகளில், தீர்ப்பு வந்திருந்தால் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். பிரெஞ்சு முறை அது. கல்யாணப் பதிவை அழிப்பதில்லை. ஓரத்தில் இன்ன தேதி, இன்ன கோர்ட்டு, விவாகரத்து என்று இரண்டு மூன்று வரி. ஒரு பதிவேட்டை முழுக்கப் புரட்டினாலும் ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படும். அதிலும் சில சைகோன் கோர்ட்டுத் தீர்ப்புகள். நம்மவர் அங்கே கஸ்டம்ஸிலும் போலீசிலும் வேலையாக இருந்த காலம். யார் அடித்தார், யார் அழுதார், யார் நகையை விற்று வக்கீலுக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்த ஓர வரிகளில் இருக்காது. இவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம் எல்லா வீட்டிலும் ஒற்றுமை என்று நான் நம்பவில்லை. மாதா கோயிலுக்குப் பயம், ஊர் வாய்க்குப் பயம், அதற்கு மேல் செலவுக்குப் பயம்.

1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். அதுவரை கடைசி அப்பீல் பாரீஸில். அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நமக்கு வந்தது. காரைக்கால், மாஹே, ஏனாமுக்கும் அதேதான். பிரெஞ்சில் வாதாடிய வக்கீல்கள் ஆங்கிலம் பழகினார்கள். 1963 அக்டோபர் 1 முதல் இந்துத் திருமணச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் இரண்டாம் பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள்: புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அதனால் என்ன ஆனது? ரெனோன்சான் குடும்பத்துக்குச் சிவில் கோடு தொடர்ந்தது. ஆனால் அது 1962 காலத்துச் சிவில் கோடு. பிரான்சில் 1975ல் சட்டத்தை மாற்றி, இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்று கொண்டுவந்தார்கள். அந்த மாற்றம் கடல் தாண்டி இங்கே வரவில்லை. தாய்வீட்டில் வெள்ளையடித்துப் புதுப்பித்துவிட்டார்கள். நம் வீட்டில் பழைய சுண்ணாம்பு அப்படியே நிற்கிறது. நீதிபதி தாவீது அன்னுசாமி போன்றவர்கள் இந்தத் தேக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இன்றைய இளம் வக்கீல்கள் பலர் சட்டக் கல்லூரியில் இதைப் பரீட்சைக்குக்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நம்மூரில் ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு மூன்று சட்டம் இருக்கலாம். ஒரு வீட்டுக்கு இந்துத் திருமணச் சட்டம். அடுத்த வீட்டுக்கு, கொள்ளுத்தாத்தா கையெழுத்து வைத்ததால், பழைய சிவில் கோடு. மூன்றாம் வீட்டில் 1962ல் பிரெஞ்சு நாசியோனாலித்தே எடுத்தவரின் பேரன்; அவருக்குப் பிரான்சின் இன்றைய சட்டம் பேசும். ரெனோன்சான் என்பது தெரியாமல் இந்துத் திருமணச் சட்டத்தில் மனுப்போட்டு, இரண்டு வருஷம் வாய்தா போன பிறகு எதிர்த்தரப்பு அதைக் கிளப்பினால், கொடுத்த ஃபீஸ் கடலில் போட்ட உப்புதான்.

பிரான்சில் இப்போது எப்படி என்று கேட்பவர்களுக்கு: 2017 ஜனவரி 1 முதல், இருவரும் சம்மதித்தால் பெரும்பாலும் நீதிபதியிடம் போக வேண்டியதே இல்லை. ஆளுக்கு ஒரு அவொகா கட்டாயம். ஒரே வக்கீல் இருவருக்கும் என்பது முடியாது. ஒப்பந்த நகல் கைக்கு வந்த பிறகு 15 நாள் யோசிக்க நேரம். பிறகு கையெழுத்துப் போட்டு நொத்தேரிடம் தாக்கல். நொத்தேருக்குக் கட்டணம் ஏறத்தாழ 50 யூரோ. செலவு முழுக்க அவொகாக்களின் ஒனொரேரில்தான். ஆனால் அந்த ஒனொரேர் எவ்வளவு, எப்படிக் கணக்கு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். வசதி இல்லாதவருக்கு அரசு உதவி உண்டு. ஏழைக்கு இலவச வக்கீல் என்பதை அவர்கள் 1851லேயே சட்டமாக்கினார்கள்.

நம் நாட்டில் ஃபீஸை எழுத்தில் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் நமக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். பார் கவுன்சில் விதிகளை நான் உட்கார்ந்து படித்தேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்? வழக்கில் ஜெயித்தால் இவ்வளவு, கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, தரகர் வைத்து ஆள் பிடிக்கக் கூடாது. தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் வழக்கை நடுவில் விடக் கூடாது. விட்டால், செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று எங்கள் வீட்டிலேயே உதவியது. என் மனைவியின் தங்கை மகள், தனியார் பள்ளி டீச்சர். கல்யாணமான நாலாம் வருஷம் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணங்களை நான் எழுதப் போவதில்லை. கோர்ட்டு வாசலில் யாரோ கைகாட்டிய வக்கீலிடம் 40,000 ரூபாய் கொடுத்தாள்; ரசீது கிடையாது. ஆறு மாதத்தில் இன்னும் கேட்டார். வளையல் ஜோடி அடகுக் கடைக்குப் போனது. மறுபடி கேட்டபோது அவளிடம் இல்லை. வேறு வக்கீல் பார்க்கலாம் என்றால், கல்யாணப் பதிவுச் சான்று, போட்டோக்கள், நகைப் பட்டியல் எல்லாம் அவரிடம். "பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கட்டை வாங்கிக்கொள்" என்று அவருடைய குமாஸ்தா சொல்லிவிட்டார்.

"பெரியப்பா, அந்தப் பேப்பர் இல்லாவிட்டால் நான் ஒன்றுமே செய்ய முடியாதா?" என்று கேட்டாள்.

2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. வழக்குத் தாள்கள் அடகுப் பொருள் அல்ல. அப்படிப் பிடித்து வைப்பது தொழில் ஒழுங்கீனம். பாக்கி இருந்தால் அதற்குத் தனியாகச் சட்டப்படி வழி தேடிக்கொள்ளலாம். இதைக் குறிப்பிட்டு அவள் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்தேன். பொருள், பார்வை, வரிசை எண், இணைப்பு என்று முப்பது வருஷம் எழுதிய அதே பாணி. அவள் கையெழுத்துப் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் கட்டு வீட்டுக்கு வந்தது. வளையல் வரவில்லை. வட்டி ஏறி அது ஏலத்துக்குப் போனது.

அடுத்து சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனோம். 1987ஆம் வருஷத்துச் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவைப் பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டிவைக்கலாம். பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. அவள் வருமானம் எவ்வளவு என்று கேட்க வேண்டியதில்லை. குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், சிறையில் இருப்பவர் ஆகியோருக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஏழை என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி அலைய வேண்டும் என்று நம் டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டியதில்லை. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். 'இலவச வக்கீல் என்றால் சோடை' என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு வந்த அம்மா, வாய்தா தவறாமல் வந்தார். மனுவை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார். ரூபாய் கொடுத்த இடத்தில் அது நடக்கவில்லை.

அந்த அம்மா முதலில் போட்டது இந்துத் திருமணச் சட்டம் 24ஆம் பிரிவில் மனு. வழக்கு நடக்கும் காலத்துக்கு ஜீவனாம்சமும், வழக்குச் செலவும், வசதி உள்ள தரப்பு மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. பெண் மட்டும் அல்ல, வருமானம் இல்லாத கணவரும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனுப்போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. அவள் மனுவில் உத்தரவு வந்தபோது வழக்குச் செலவு என்று ஒரு தொகை தனியாக இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். பெயர்தான் வேறு, சரக்கு அந்தப் பழைய ப்ரொவிஸியோன் அத் லித்தெம். பிரெஞ்சு நீதிபதி சொன்னதும், நம் பாராளுமன்றம் சொன்னதும் ஒன்று: பணப்பை யாரிடமோ, செலவும் அவரிடம்.

உத்தரவு வந்த மூன்றாம் மாதம் அந்தப் பையனின் வீட்டார் பேச வந்தார்கள். இரண்டு தரப்பும் சம்மதித்து 13-பி பிரிவில் மனுவை மாற்றிக்கொண்டார்கள். 1976 திருத்தத்தில் வந்த பிரிவு அது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாதம். ரொம்ப நாளாகப் பிரிந்திருந்து எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தளர்த்தலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தம் இரண்டரை வருஷத்தில் முடிந்தது. அவள் இப்போது அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். கை மட்டும் வெறுமையாக இருக்கிறது. புதிதாக வாங்கு என்றால் பார்க்கலாம் என்கிறாள்.

வக்கீல் என்றாலே கொள்ளை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேர்மையான வக்கீலுக்கு அவர் உழைப்புக்கு ஏற்ற ஃபீஸ் கொடுக்கத்தான் வேண்டும். நாலு வருஷச் சண்டைக்கு ஒரு ஃபீஸ், சம்மதத்தோடு இரண்டு தடவை நிற்பதற்கு ஒரு ஃபீஸ். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் ஆட்களின் பிரச்சினை. விவாகரத்து என்றாலே தலை குனிந்து போகிறோம். குனிந்த தலைக்கு ரசீது கேட்க வராது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு நிலை வந்தால், நீங்கள் கூடப் போங்கள். வயதானவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எங்கள் பெண்ணோடு போனபோது நான் குறித்துக்கொண்டவை இவை. எந்தச் சட்டத்தில் மனு? எந்த ஊர்க் கோர்ட்டு? கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம். மனைவி மனுப்போட்டால் அவள் இருக்கும் இடமும் ஆகும். கோட்டக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் கல்யாணம் என்று எல்லையில் வாழும் நமக்கு இது முக்கியம். தினம் போய்வரக்கூடிய கோர்ட்டும் அங்கே பழக்கமான வக்கீலும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். ஃபீஸ் மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா? இடைக்கால மனுக்களுக்குத் தனியா? ஸ்டாம்பு, நகல், டைப்பிங் யார் கணக்கு? கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, இல்லாவிட்டால் வங்கி வழியாக. அசல் பத்திரங்களைக் காட்டலாம், கொடுப்பது நகல்தான். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பதே உரிமை அல்ல, அனுமதியோடுதான் என்று 1984ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அனுமதி வழக்கமாகக் கிடைக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் செய்யலாம்.

கடைசியாக ஒரு வேலை. இன்று சாயங்காலமே செய்யலாம். பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். லிவ்ரே த ஃபமி, பாட்டன் கல்யாணக் கொப்பி, மடித்து மடித்துக் கிழிந்த பிரெஞ்சுத் தாள் ஏதாவது இருக்கும். அதில் 'ரெனோன்சியாசியோன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன், ஃபீஸ் கிடையாது. இருந்தால் நாலு ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்கும் பேத்திகளுக்கும் ஒவ்வொன்று கொடுத்து வையுங்கள். அவர்களுக்கு அது தேவைப்படாமலே போகட்டும்.